கேட்பாரற்ற பை, மிரட்டல் மெயில், சந்தேக வாகனம்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வெடிகுண்டுப் பேச்சு பெரும்பாலும் இரண்டு வழியில் கிளம்புகிறது. ஒன்று, ரயில் நிலையத்திலோ கடைத்தெருவிலோ யாரோ விட்டுப்போன பை. இன்னொன்று, பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ வந்த மிரட்டல் மெயில். பெரும்பாலானவை மறதி அல்லது புரளி என்று முடிந்துவிடும். 1984இல் மீனம்பாக்கத்திலும், 1993இல் சேத்துப்பட்டிலும், 2014 மே 1 அன்று சென்ட்ரலில் நின்ற குவாஹாட்டி ரயிலிலும் அப்படி முடியவில்லை. குண்டைச் செயலிழக்க வைப்பது பொதுமக்கள் வேலை இல்லை. விலகி நிற்பதும், சரியான தகவலைச் சரியான இடத்தில் சொல்வதும்தான் நம் வேலை. கீழே உள்ளவை அந்த இரண்டைப் பற்றியவை.

ஆள் இல்லாமல் கிடக்கும் பை எல்லாமே சந்தேகத்துக்குரியதா?

இல்லை. எழும்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலும் போர்வையும் துருத்திக்கொண்டிருக்கும் பை, டீ வாங்கப் போனவருடையதாகத்தான் இருக்கும். பிரிட்டன் ரயில்வே போலீசார் இதற்கென்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கும் அவை அப்படியே பொருந்தும்.

முதல் கேள்வி: பொருளை யாராவது மறைத்து வைத்திருக்கிறார்களா? மறந்துபோனவர் பையைக் கண்ணில் படும் இடத்தில்தான் விட்டிருப்பார். குப்பைத்தொட்டிக்குள், தீயணைப்புக் கருவிப் பெட்டிக்குப் பின்னால், படிக்கட்டு அடியில் செருகி வைக்க மாட்டார். இரண்டாவது: பார்த்தாலே உறுத்துகிறதா? வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வயர், பேட்டரி, சுற்றிச் சுற்றி ஒட்டிய டேப், எண்ணெய்க் கறை, பெட்ரோல் அல்லது ரசாயன வாடை. மூன்றாவது: அந்த இடத்தில் சாதாரணமாக இருக்கக்கூடிய பொருளா? கோயம்பேடு மார்க்கெட்டில் சாக்கு மூட்டை இருப்பது இயல்பு. அதே மூட்டை ஒரு ஏடிஎம் அறைக்குள் இருந்தால் இயல்பில்லை.

முதல் இரண்டு கேள்விக்கு இல்லை, மூன்றாவதுக்கு ஆம் என்றால், பெரும்பாலும் தொலைந்த பைதான். நாலு பேர் காதில் விழும்படி, "யாரோட பைங்க இது?" என்று கேளுங்கள். ஆள் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. யாரும் வரவில்லை என்றால் பாதுகாவலரிடமோ ரயில்வே போலீசிடமோ சொல்லுங்கள்.

வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து 'ஒன்றுமில்லை' என்று முடிவு செய்யவும் முடியாது. 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு உணவகத்தில் வெடித்தது சாப்பிட வந்தவர்போல் வந்த ஒருவர் விட்டுச்சென்ற சாதாரணப் பை. அவர் போய்ச் சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது வெடித்தது. இந்த நாட்டில் டிபன் கேரியர், பிரஷர் குக்கர், சைக்கிள் எல்லாமே இதற்குப் பயன்பட்டிருக்கின்றன. ஒருவர் வைத்தார், உடனே வேகமாகக் கிளம்பினார் என்பதை நீங்களே பார்த்திருந்தால், பை எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

சந்தேகப் பைதான் என்று தோன்றுகிறது. உடனே என்ன செய்வது?

தொடாதீர்கள். காலால் நகர்த்தாதீர்கள், ஜிப்பைத் திறந்து பார்க்காதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது; மணலைக் கொட்டுவதும் உண்டு. இரண்டும் வேண்டாம். அசைவில் இயங்கும் குண்டு இருக்கிறது. நனைந்தால் மின்சுற்று இணைந்துவிடும் அபாயமும் இருக்கிறது. மணல் மூட்டை அடுக்குவது வெடிகுண்டு நிபுணர்கள் கவச உடையோடு வந்து செய்ய வேண்டிய வேலை.

பொருளுக்குப் பக்கத்தில் நின்று போன் பேசாதீர்கள். பதினைந்து மீட்டராவது தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கும் பிரிட்டன் போலீசாரின் அளவு நினைவில் வைக்க எளிது: கையில் தூக்கும் பொருளுக்கு 100 மீட்டர், பெரிய சூட்கேஸ் அல்லது காருக்கு 200 மீட்டர், வேன், லாரிக்கு 400 மீட்டர். ரயில் பெட்டி ஒன்று கிட்டத்தட்ட 24 மீட்டர் நீளம் என்பதால், பிளாட்பாரத்தில் நான்கு பெட்டி தாண்டினால் 100 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் 100 மீட்டர் எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அங்கே பொருள் உங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி மூலை திரும்பிவிடுவதுதான் முக்கியம். உங்களுக்கும் அதற்கும் நடுவில் கான்கிரீட் சுவர் இருக்கட்டும், கண்ணாடி இருக்கக் கூடாது. ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்குவது வெளியே நிற்பதைவிட மோசம். உடைந்து பறக்கும் கண்ணாடிதான் பலரைக் காயப்படுத்துகிறது.

"பாம்!" என்று கத்தாதீர்கள். குறுகலான தெருவில் அந்த ஒரு சொல்லே ஆளை மிதித்துக் கொன்றுவிடும். "இந்தப் பக்கம் வழி இல்ல, அந்தப் பக்கமா போங்க" என்றால் போதும், கூட்டம் திரும்பிவிடும். நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: பையைச் சுற்றி வட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பது.

ஓடும் ரயிலில் பார்த்தால்?

வெளியே வீசாதீர்கள். தூக்கும்போதே வெடிக்கலாம், தண்டவாளத்தோரம் நிற்பவர்மீது விழலாம்.

தொலைதூர ரயிலில் இருபக்கமும் அடுத்த பெட்டிக்குப் போக வழி இருக்கிறது. மக்களை நகர்த்திவிட்டு டிடிஇயிடம் சொல்லுங்கள், ரயில்வே உதவி எண் 139ஐ அழையுங்கள். தாம்பரம், கடற்கரை மின்சார ரயிலில் பெரும்பாலும் அப்படிப் போக முடியாது. நிலையங்கள் சில நிமிட இடைவெளியில் வருவதால் அதே பெட்டியின் மறுகோடிக்கு விலகி, அடுத்த நிலையத்தில் எல்லாரும் இறங்குவதே நல்லது. நடுவழியில் சங்கிலியை இழுத்தால் இறங்க பிளாட்பாரம் இருக்காது, பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி வரும், பொருளும் பக்கத்திலேயே இருக்கும். மெட்ரோவில் கதவருகே ஓட்டுநரோடு பேசும் அவசர பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பேசுங்கள்.

யாரை அழைப்பது, என்ன சொல்வது?

112 போதும். 100ஐ அழைத்தாலும் தவறில்லை. ரயிலில் 139, கடலோரத்தில் 1093, ஆம்புலன்ஸுக்கு 108. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது. கியூ பிரிவு, தீவிரவாதத் தடுப்புப் பிரிவு, வெடிகுண்டு கண்டறியும் பிரிவு இவற்றின் எண்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கன்ட்ரோல் ரூமே அவர்களுக்குச் சொல்லும்.

சென்னையில் நேரம் வீணாவது பெரும்பாலும் இடத்தைச் சொல்வதில். 'பெருமாள் கோயில் தெரு', 'காந்தி தெரு' என்று எத்தனை பேட்டையில் இருக்கின்றன! பேட்டைப் பெயரை முதலில் சொல்லுங்கள். பிறகு தெரு, பக்கத்து பஸ் ஸ்டாப், கடைப் பெயர்ப் பலகை, எதிரில் மெட்ரோ தூண் இருந்தால் அதன் எண். ரயிலில் என்றால் வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண், அடுத்து வரும் நிலையம். மின்சார ரயிலில் எந்தத் திசையில் போகிறது, முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி.

ஒரு நல்ல தகவல் இப்படி இருக்கும்: "மாம்பலம் ஸ்டேஷன், மேம்பாலப் படிக்கட்டுக்குக் கீழே, கறுப்பு பேக்பேக், வயர் வெளியே தெரியுது. ஆறு பத்துக்கு ஒருத்தர் வெச்சுட்டு வெஸ்ட் மாம்பலம் பக்கம் போனார். நீலச் சட்டை, தொப்பி, இடது கையில் கட்டு." பொருள், இடம், நேரம், ஆள், போன திசை. உங்கள் யூகத்தைச் சேர்க்காதீர்கள். 'தீவிரவாதி மாதிரி இருந்தார்' என்பதை வைத்துப் போலீஸ் யாரைத் தேடும்?

அழைப்பை நீங்களாகத் துண்டிக்காதீர்கள். திரும்ப அழைத்தால் எடுங்கள். போலீஸ் வந்ததும், பாதுகாப்பான தூரத்தில் நின்று இடத்தைக் காட்ட ஒருவர் வேண்டும்.

ஆபீஸ் போனுக்கு மிரட்டல் அழைப்பு வந்தால்?

பயந்து வைத்துவிடாதீர்கள், கோபப்பட்டுத் திட்டாதீர்கள். பேச விடுங்கள். பேசுகிறவர் சொல்லும் வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். சுருக்கி எழுதினால் பயன் குறைந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்குச் சைகை காட்டி, அவர் இன்னொரு போனில் 112ஐ அழைக்கட்டும்.

நேராகவே கேளுங்கள்: எங்கே வைத்திருக்கிறீர்கள்? எப்போது வெடிக்கும்? பார்க்க எப்படி இருக்கும்? ஏன் செய்கிறீர்கள்? நீங்கள் யார்? கடைசிக் கேள்விக்கும்கூடச் சிலர் வாய் தவறிப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

கூடவே காதைக் கொடுங்கள். ஆணா பெண்ணா, வயது எந்த அளவில், மது அருந்திய பேச்சா, எழுதி வைத்துப் படிக்கிறாரா, மதுரைப் பேச்சா நெல்லைப் பேச்சா மெட்ராஸ் பேச்சா? பின்னால் ரயில் ஹாரன், கண்டக்டர் விசில், பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, டிவி ஏதாவது கேட்கிறதா? பேச்சு முடிந்த நேரத்தையும், திரையில் தெரிந்த எண்ணையும் குறியுங்கள். அந்த போனிலிருந்து வேறு யாரையும் அழைக்க வேண்டாம். ரிசப்ஷன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இந்தக் கேள்விகளை அச்சடித்து வைக்க ஒரு தாள்தான் செலவு.

பள்ளிக்கு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது. உடனே பிள்ளையைக் கூட்டிவர ஓடலாமா?

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு ஒரே நாளில் மெயில் வந்தது. எல்லாம் புரளி. ஆனால் செய்தி பரவியதும் பெற்றோர் பைக்கும் காருமாகப் பள்ளி வாசல்களில் குவிந்தார்கள். இப்படிக் குவியும்போது வெடிகுண்டு நிபுணர்களின் வண்டியும் ஆம்புலன்ஸும் நுழைய வேண்டிய வழி அடைபடுகிறது. கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆள் எண்ணிக்கையும் கூடிவிடுகிறது. பள்ளி எந்த வாசலில், எத்தனை மணிக்குப் பிள்ளைகளை ஒப்படைக்கும் என்ற செய்திக்குக் காத்திருங்கள். பதறும் மனதுக்கு இது கஷ்டம்தான். ஆனாலும் அதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

நிர்வாகத்துக்கு: மெயிலை அழிக்காதீர்கள், பதில் அனுப்பாதீர்கள், அதில் உள்ள இணைப்பைத் திறக்காதீர்கள். திரையை வேறொரு போனில் படம் எடுத்து, முதலில் 112, பிறகு உள்ளூர் ஸ்டேஷன், அதற்குப் பிறகுதான் பெற்றோர் குழு. ஃபார்வர்டு செய்தால் மெயிலின் தலைப்பு விவரங்கள் கூடவே போகாது; சைபர் பிரிவுக்கு மூல மெயில் இருக்கும் கணக்கே தேவை. நூறு புரளிக்குப் பிறகு வரும் மெயிலையும் முதல் மெயில்போல் நடத்துவது எரிச்சலூட்டும் வேலை. மீனம்பாக்கத்தில் 1984 ஆகஸ்ட் 2 இரவு தொலைபேசி எச்சரிக்கை வந்தும் பெட்டிகளை அகற்றுவதில் தாமதமானது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வெளியேறும்போது கைப்பையை விட்டுவிட வேண்டுமா?

தீ விபத்து என்றால் விட்டுவிடுங்கள். வெடிகுண்டு மிரட்டல் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உங்கள் பையை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் ஒரே ஒத்திகையில் சொல்லிக்கொடுப்பதால் பலருக்கும் குழப்பம். காரணம் எளிது: எல்லாரும் பையை விட்டுப் போனால், சோதனைக்கு வருபவர்கள் முன்னூறு மேசைக்கடியில் முன்னூறு பையைப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் இடத்தில் உங்களுடையது அல்லாத பொருள் இருந்தால் தொடாமல் அதை மட்டும் சொல்லுங்கள். அந்த மேசையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. கதவு, ஜன்னல் விஷயத்திலும் தலைகீழ். தீ என்றால் மூட வேண்டும், குண்டு மிரட்டல் என்றால் திறந்து விடலாம்.

லிஃப்ட் இரண்டிலும் வேண்டாம். கூடும் இடமாக கார் பார்க்கிங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கூட்டம் ஒதுங்கும் இடத்திலேயே இரண்டாவது குண்டை வைப்பது உலகம் முழுக்கத் தெரிந்த உத்தி. தீ ஒத்திகைக்கு வழக்கமாக நிற்கும் இடத்தையே நம்பாமல், வேறொரு இடத்தையும் முன்கூட்டி முடிவு செய்து வையுங்கள்.

ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முகத்தை, தாடியை, புர்காவை, பேசும் மொழியைப் பார்த்து முடியாது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றவர் சந்தன மாலையோடு காத்திருந்த ஒரு பெண். அந்தக் கூட்டத்தில் அதைவிட இயல்பான தோற்றம் எது?

பார்க்க வேண்டியது செயலை. ஒரு கட்டடத்தின் கேமரா இருக்கும் இடங்கள், காவலர் மாறும் நேரம், பின்வாசல், ஜெனரேட்டர் அறை இவற்றை மட்டும் படம் எடுப்பவர். அதே இடத்துக்குக் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வந்து அடி எண்ணுபவர், நேரம் குறிப்பவர். வாட்ச்மேனிடம் பேச்சோடு பேச்சாகச் சோதனை முறைகளை விசாரிப்பவர். ரசாயனக் கடைக்காரராக இருந்தால்: சொல்லும் தொழிலுக்குப் பொருந்தாத அளவு கேட்பது, பில் வேண்டாம் என்பது, எதற்கு என்று கேட்டால் தடுமாறுவது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் பெரிதில்லை, மெரினாவில் கலங்கரை விளக்கத்தைப் படம் எடுக்காதவர் யார்? இரண்டு மூன்று சேரும்போது சொல்லுங்கள். நீங்களே பின்தொடர்வது, வழிமறிப்பது, பையைப் பிடுங்குவது வேண்டாம்.

வடமாநிலத் தொழிலாளர் நாலு பேர் ஒரே அறையில் தங்குவது வாடகை கட்டுப்படியாகாததால்தான். 2023 மார்ச்சில் அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பரப்பிய பொய் வீடியோக்களால் எவ்வளவு பதற்றம் கிளம்பியது, எத்தனை பேர் ஊருக்கு ரயில் ஏறினார்கள் என்பது மறந்திருக்காது. ஆளைக் குறிவைத்த தவறான தகவல் அப்பாவியைத் தாக்க வைக்கும். போலீசையும் தவறான திசைக்கு அனுப்பும்.

நிறுத்தி வைத்த வாகனத்தில் எதைக் கவனிப்பது?

முன் நம்பர் பிளேட்டும் பின் பிளேட்டும் வேறாக இருப்பது, வண்டிக்குள் பாரம் தெரியாமலே பின்பக்கம் தாழ்ந்திருப்பது, நுழைவாயிலை அடைத்து நிறுத்திவிட்டு ஓட்டியவர் வேறு வண்டியில் ஏறிப் போவது, உள்ளே கேன்களும் வயர்களும். காருக்குள் ஒரு கேஸ் சிலிண்டர் இருப்பது மட்டும் அடையாளமில்லை. இங்கே ஸ்கூட்டரிலேயே சிலிண்டர் போகிறது. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோயில் முன் வெடித்த காரில் சிலிண்டர்களோடு ஆணிகளும் கோலிக்குண்டுகளும் இருந்தன. எட்டிப் பார்க்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டாதீர்கள், கதவைத் தட்டாதீர்கள். எண், நிறம், மாடல் குறித்துக்கொண்டு 200 மீட்டர் விலகிப் பேசுங்கள்.

துப்பாக்கிச் சூடு நடந்தால்?

வழி இருந்தால் ஓடுங்கள். வழி இல்லை என்றால் ஒளியுங்கள். பாதுகாப்பானதும் 112க்குச் சொல்லுங்கள். கார் கதவு, பிளைவுட் தடுப்பு, சோபா எதுவும் தோட்டாவைத் தடுக்காது. கான்கிரீட் தூணும் காரின் இன்ஜின் பகுதியும் ஓரளவு தடுக்கும். கதவைப் பூட்டி, பீரோவை நகர்த்தி, விளக்கை அணைத்து, கதவுக்கு நேராக நிற்காமல் பக்கச் சுவரோரம் இருங்கள். போனில் வைப்ரேஷனையும் நிறுத்துங்கள்.

போலீஸ் உள்ளே வரும்போது உங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கைகளை விரித்துக் காட்டுங்கள், போனைக் கீழே போடுங்கள், அவர்களை நோக்கி ஓடாதீர்கள்.

வெடித்துவிட்டது. காயம்பட்டவருக்கு என்ன செய்யலாம்?

முதலில் உங்களைப் பாருங்கள். கூரை, கண்ணாடி, மின்கம்பி தொங்குகிறதா? இரண்டாவது வெடிப்பு நடக்கலாம் என்பதால் நடக்க முடிந்தவர்களை உடனே வெளியே அனுப்புங்கள். காது அடைத்திருப்பதால் நீங்கள் கத்துவது கேட்காது, கையைக் காட்டுங்கள்.

உயிர் போவது பெரும்பாலும் ரத்தப்போக்கில். துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து இரண்டு கையாலும் முழு பலத்தோடு அழுத்துங்கள். பார்ப்பதற்காக எடுத்து எடுத்து வைக்காதீர்கள். நனைந்துவிட்டால் அதன்மேலேயே இன்னொன்று. கை, காலில் ரத்தம் பீறிட்டு நிற்கவில்லை என்றால், காயத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல், அகலமான துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்கிப் பிணையுங்கள். கயிறும் வயரும் வேண்டாம், சதையை அறுக்கும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். மருத்துவமனை வரை அவிழ்க்கக் கூடாது. குத்திய ஆணி, கண்ணாடித் துண்டைப் பிடுங்காதீர்கள்.

வெளிக்காயமே இல்லாமல் மூச்சு வாங்குபவர், இருமும்போது ரத்தம் வருபவர், வயிறு வலிப்பவரை ஆம்புலன்ஸில் முதலில் ஏற்றுங்கள். வெடிப்பின் அழுத்தம் நுரையீரலையும் குடலையும் உள்ளுக்குள் கிழித்திருக்கலாம். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குப் போய் இரவில் மோசமானவர்கள் உண்டு.

சிதறிய துண்டுகளைத் தொடாதீர்கள்; அவை தடயம். வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், நெட்வொர்க் திணறும்போது போன் கிடைக்காது.

வீடியோ எடுத்துப் போடலாமா?

நேரலை வேண்டாம். 2008 மும்பைத் தாக்குதலில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே எல்லைக்கு அப்பாலிருந்து உத்தரவு கொடுத்தார்கள். அதனால்தான் 2015இல் விதி திருத்தப்பட்டு, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையை டிவி நேரலை செய்யத் தடை வந்தது. எடுத்த வீடியோ இருந்தால் போலீசிடம் கொடுங்கள்.

சந்தேகப்பட்டுச் சொன்னேன், ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. என்மீது வழக்கு வருமா?

நல்லெண்ணத்தில் சொன்னதற்கு வராது. வேண்டுமென்றே புரளி கிளப்பினால் வரும். பெயர் மறைத்து மிரட்டுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 351(4) பிரிவில் கூடுதலாக இரண்டு ஆண்டுவரை, பீதி கிளப்பும் வதந்திக்கு 353ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை.

வீட்டு உரிமையாளரும் பழைய வண்டி விற்பவரும் செய்ய வேண்டியது?

வாடகைக்கு வருபவரின் அசல் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. விவரத்தை உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

உக்கடம் கார் பலர் கை மாறியது. ஆர்சி மாறாமல் போனால் போலீஸ் முதலில் தட்டுவது பழைய உரிமையாளர் கதவைத்தான். படிவம் 29ஐ 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குக் கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம்.

காசிமேடு, நொச்சிக்குப்பம் மீனவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

2008 தாக்குதலுக்கு மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கியவர்களை முதலில் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள் மீனவக் குப்பத்து மக்கள்தான். வந்தவர்கள் நடுக்கடலில் கடத்தியது இந்தியப் பதிவுள்ள 'குபேர்' என்ற மீன்பிடிப் படகு. ஆகவே பதிவு எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தெரிந்த படகில் தெரியாத ஆட்கள், வலையும் ஐஸும் இல்லாத படகு, இரவில் விளக்கணைத்து வேகமாக வருவது, மீன் இறங்காத இடத்தில் கரை தொடுவது இவற்றைப் பார்த்தால் நெருங்கிப் போகாமல் 1093ஐ அழையுங்கள். ஜிபிஎஸ்ஸில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை, போகும் திசை, ஆட்களின் எண்ணிக்கை சொல்லுங்கள். 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் போலீசாரே ஊடுருவுபவர்போல் வருவார்கள். ஒத்திகையாக இருக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றும் அழைப்பு வருகிறதா என்பதைத்தான் அவர்கள் சோதிக்கிறார்கள்.